மாம்பழத்தில் கரும்புள்ளி: பூவில் தொடங்கும் பங்கசு நோயை அறிவதும் அடக்குவதும்

மரத்திலிருந்து இறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. காம்போடு பறித்து, வைக்கோல் பரப்பி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்த கறுத்தக்கொழும்பான். ஐந்தாம் நாள் வியாபாரியிடமிருந்து அழைப்பு வருகிறது. பழமெல்லாம் கறுப்புப் புள்ளி, அரைவாசி கழிவு என்கிறார். அடுத்த முறை அதே வளவுப் பழத்துக்கு விலை குறைகிறது, அல்லது ஆளே வருவதில்லை. பறித்ததில் பிழையா, ஏற்றியதில் பிழையா, பழுக்க வைத்ததில் பிழையா என்று வீட்டுக்காரர் குழம்புகிறார்.

பெரும்பாலும் பிழை இவை எதிலும் இல்லை. அந்தப் புள்ளிக்குக் காரணமான பங்கசு, காய் சிறு பிஞ்சாக இருந்தபோதே தோலுக்குள் புகுந்துவிட்டது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, பழம் கனியத் தொடங்கியதும் வளரத் தொடங்கியது. இந்த நோயின் பெயர் அந்திரக்னோஸ். மாமரம் வளரும் நாடுகளில், குறிப்பாகப் பூக்கும் காலத்தில் மழை கிடைக்கும் இடங்களில், மிக அதிகமாகப் பேசப்படும் நோய் இதுதான்.

நோய் தெரிவது பழத்தில். அதைத் தடுக்கவேண்டியதோ பூவிலும் பிஞ்சிலும், அதற்கும் முன்னர் மரத்தின் காய்ந்த குச்சிகளிலும். இந்த ஒரு விடயம் விளங்கினால் மற்ற வேலைகள் எல்லாம் எப்போது, எதற்காகச் செய்யவேண்டும் என்பது தானாக விளங்கும்.

எங்கள் வளவுகளில் ஏன் கூடுதல் கவனம் தேவை

வடக்கில் மாமரம் என்பது பெருந்தோட்டப் பயிர் அல்ல. யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் நிற்கும் இரண்டு மூன்று மரங்கள், வன்னியில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நிற்கும் ஒட்டுமாக்கள், இவைதான் அதிகம். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விளாட் ஆகியவை பழைய வளவுகளின் இனங்கள். அண்மைக் காலத்தில் ரொம் இஜேசி இனமும் பரவலாக நடப்படுகிறது.

1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் 2009 க்குப் பின்னர் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீடு மிஞ்சவில்லை. சிலருக்கு மரங்கள் மிஞ்சின. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாள் படாமல், கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, உள்ளே வெயில் விழாமல் வளர்ந்த மரங்கள் அவை. காய்ந்த கொப்புகள் விழாமல் மரத்திலேயே தொங்கும். இத்தகைய மரம் அந்திரக்னோசுக்கு மிக வாய்ப்பான இருப்பிடம்.

வன்னியில் கதை வேறு. மீள்குடியேறியபின் நட்ட ஒட்டுமாங்கன்றுகள் பல வளவுகளில் பத்து வயதைத் தாண்டி இப்போதுதான் நல்ல காய்ப்புக்கு வந்திருக்கின்றன. சிறிய காணிக்குள் நெருக்கி நட்ட இடங்களில் மரத்துக்கு மரம் கிளை முட்டுகிறது. காற்று ஓடாத இடத்தில் இலை ஈரம் காயாது. ஈரம் காயாத இடத்தில் இந்தப் பங்கசு பெருகும்.

இரண்டு இடத்திலும் இழப்பு ஒரே மாதிரியானது. வருடத்தில் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் கிடைக்கும் காசு அது. பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்களிலும், உடல் உறுப்பை இழந்து கூலி வேலைக்குப் போகமுடியாதவர்களின் வீடுகளிலும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கோ கடன் தவணைக்கோ ஒதுக்கிவைத்த காசாக அது இருக்கலாம்.

பங்கசு செய்யும் வேலை

கொலெற்றோரைக்கம் என்ற பங்கசுக் குடும்பமே இந்நோயைத் தருகிறது. பப்பாசிப் பழத்திலும் மிளகாயிலும் வரும் அந்திரக்னோசுக்கும் இதே குடும்பத்துப் பங்கசுகள்தான் காரணம்.

மரத்தில் காய்ந்துபோன குச்சிகள், போன வருடப் பூங்கொத்தின் காய்ந்த காம்புகள், புள்ளி விழுந்த இலைகள், மரத்திலேயே வற்றித் தொங்கும் பிஞ்சுகள் ஆகியவற்றில் இது தங்கியிருக்கும். மழை பெய்யும்போது அங்கிருந்து வித்திகள் நீரோடு தெறித்துக் கீழே உள்ள தளிர், பூ, பிஞ்சு மீது விழும். வித்தி முளைக்க ஈரம் வேண்டும். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையும், ஏறத்தாழ அரை நாள் நீடிக்கும் ஈரமும் கிடைத்தால் அது முளைத்து மேற்றோலைத் துளைத்துவிடும். மழைதான் வேண்டும் என்றில்லை. கடும் பனி விழுந்து காலை பத்து மணிவரை இலை காயாமல் இருந்தாலும் நோய் தொடங்கலாம்.

தளிரிலும் பூவிலும் அது உடனே வளர்ந்து திசுவைக் கொல்லும். பச்சைக் காயில் அப்படி முடியாது. காயின் தோலிலும் பாலிலும் பங்கசை எதிர்க்கும் இயற்கைச் சேர்மங்கள் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை மாவினங்களில் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். காய் முற்றிக் கனியும்போது அந்தச் சேர்மங்கள் குறைகின்றன, தோல் மென்மையாகிறது, இனிப்பு ஏறுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த பங்கசு அப்போதுதான் வளரும். சந்தைக்குப் போன பழத்தில் திடீரென்று புள்ளி வருவதன் காரணம் இதுவே. ஒரு பழத்திலிருந்து மற்றப் பழத்துக்குப் பெட்டிக்குள் தொற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அநேகமாக எல்லாப் பழமும் மரத்திலேயே தொற்றை வாங்கி வந்தவை.

அடையாளம் காண்பது

இலையில்: இளந்தளிரில் சிறு கபில நிறப் புள்ளிகள் முதலில் தெரியும். அவை பெரிதாகிக் கறுக்கும். இலை விரியும்போது புள்ளியின் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டையாகும். இலை ஓரம் கருகிச் சுருளும். முற்றிய இலையில் நோய் பரவுவது மெதுவாகவே நடக்கும்.

பூவில்: பூங்கொத்தின் தண்டிலும் பூக்களிலும் மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். பூ கருகிக் காய்ந்து கொத்திலேயே ஒட்டியிருக்கும். கடுமையானால் முழுக் கொத்தும் கருகிப் பிஞ்சே பிடிக்காது. பூ உதிர்வதெல்லாம் நோய் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மாமரத்தின் பூக்களில் மிகப் பெரும்பான்மை இயல்பாகவே உதிர்ந்துவிடும். உதிர்ந்த பூவும் தண்டும் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிஞ்சில்: கடுகளவு கரும்புள்ளி விழுந்து பிஞ்சு கொட்டும். சில பிஞ்சுகள் வற்றிக் கறுத்துக் கொத்திலேயே தொங்கும்.

பழத்தில்: கறுப்பு அல்லது கருங்கபில நிறப் புள்ளிகள் வட்டமாகத் தோன்றிச் சற்றுக் குழிந்து, ஒன்றுசேர்ந்து பெரிதாகும். காம்படியிலிருந்து நுனி நோக்கிக் கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகள் சிலவற்றில் இருக்கும். மேலே உள்ள காய்ந்த காம்பிலிருந்து வித்திகளை மழைநீரோ பனிநீரோ பழத்தின் மீது வழித்து வந்த தடம் அது. இந்தக் கோட்டைக் கண்டால் அந்திரக்னோஸ் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். ஈரமான இடத்தில் வைத்த பழத்தின் புள்ளி மீது இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான சிறு மொட்டுகள் எழும்பும். அவைதான் வித்தித் திரள்கள். தொடக்கத்தில் கறுப்பு தோலளவிலேயே நிற்கும். நாள் போகப் போகச் சதைக்குள் இறங்கும்.

அந்திரக்னோஸ் போலத் தோன்றுபவை

தவறான நோய்க்குத் தவறான மருந்து அடிப்பதில் காசும் போகிறது, நஞ்சும் வளவில் சேர்கிறது. முதலில் இவற்றைப் பிரித்தறியுங்கள்.

சாம்பல் நோய்: பூங்கொத்தின் மீது வெண்ணிற மா தூவியதுபோல் இருக்கும். மழையில்லாத, இரவு குளிரான நாட்களில் வரும். இதுவும் பங்கசு நோய்தான். ஆனால் இதற்குக் கந்தக மருந்து பொருந்தும், அந்திரக்னோசுக்கு அது போதாது.

கரிப்பூஞ்சணம்: இலையிலும் காயிலும் கரி பூசியதுபோல் படியும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். தத்துப்பூச்சி, செதில் பூச்சி போன்றவை கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளர்வது இது. பூச்சியைக் கட்டுப்படுத்தினால் இதுவும் நின்றுவிடும். அந்திரக்னோஸ் புள்ளி துடைத்தால் போகாது.

காம்படி அழுகல்: காம்பைச் சுற்றித் தொடங்கி நீர் கோத்த கபில நிறமாக விரைவில் முழுப் பழத்துக்கும் இறங்கும். இதற்கு வேறு பங்கசுகள் காரணம். காம்பை அடியோடு ஒடித்துப் பறிக்கும் பழங்களில் கூடுதலாக வரும்.

பழ ஈ: ஊசி குத்தியதுபோல் துளை இருக்கும், அழுத்தினால் நீர் கசியும், வெட்டினால் உள்ளே புழு இருக்கும்.

பால் சுட்ட தழும்பு: பறிக்கும்போது காம்பிலிருந்து பீறிடும் பால் வழிந்த இடம் கறுத்திருக்கும். இதுவும் கோடாகத் தெரிவதால் பலர் நோயென்று மயங்குவர். பறித்த ஓரிரு நாளில் தெரிந்துவிடும், குழியாது, பெரிதாகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய 2 சோதனைகள்

முதலாவது, ஈரப் பெட்டிச் சோதனை. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் நனைத்துப் பிழிந்த காகிதத்தை விரித்து, சந்தேகமான இலையையோ பழத் தோலையோ வைத்து மூடுங்கள். நிழலில் 2, 3 நாட்கள் இருக்கட்டும். புள்ளி மீது இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் பிசுபிசுப்பு எழுந்தால் அந்திரக்னோஸ்.

இரண்டாவது, விற்பதற்கு முன் செய்யும் சோதனை. முற்றிய காய்களில் 10 ஐ மரத்தின் நாலு பக்கத்திலிருந்தும், மேலும் கீழும் பார்த்துப் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் சிறு புள்ளி வந்தால் தூர இடத்துக்கு அனுப்பலாம். பாதிக்கு மேல் புள்ளி வந்தால் அந்த மரத்துப் பழத்தைத் தூர அனுப்பாமல் அருகிலுள்ள சந்தையில் விரைவாக விற்பது, காயாகவே ஊறுகாய்க்கோ வற்றலுக்கோ கொடுப்பது, அல்லது கீழே சொல்லும் சுடுநீர் முறையைச் செய்வது நல்லது. வியாபாரியிடம் பெயர் கெடாமல் இருக்க இந்தச் சோதனை உதவும்.

வாளும் கத்தரிக்கோலும்: மருந்துக்கு முந்திய வேலை

விழுந்த இலையைக் கூட்டி எரித்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வளவு துப்புரவுக்கு அது நல்லது. ஆனால் நோய் தங்கியிருப்பது முக்கியமாக மரத்துக்கு மேலே, காய்ந்த குச்சிகளிலும் பழைய பூங்கொத்துக் காம்புகளிலும்தான். மேலேயிருந்து தெறிப்பதை நிறுத்தாமல் கீழே கூட்டிப் பயன் குறைவு.

அறுவடை முடிந்து, ஆடி, ஆவணி மாதங்களில் இதைச் செய்யுங்கள்:

காய்ந்த கொப்புகள், நோயில் கருகிய நுனிகள், வற்றித் தொங்கும் பிஞ்சுகள், பழைய பூங்கொத்துக் காம்புகள் எல்லாவற்றையும் வெட்டி இறக்குங்கள்.

மரத்தின் நடுப்பகுதியில் குறுக்கே ஓடும் கிளைகளை எடுத்து வெயிலும் காற்றும் உள்ளே போக வழி விடுங்கள். நண்பகலில் மரத்தின் கீழ் நின்று பார்த்தால் நிலத்தில் வெயில் பொட்டுகள் தெரியவேண்டும்.

நிலத்தைத் தொடும் கிளைகளை இடுப்பு உயரம்வரை உயர்த்தி வெட்டுங்கள்.

பெரிய வெட்டு வாயில் போர்டோப் பசை பூசுங்கள். திடீரென வெயில் படும் தடித்த கிளைகளுக்குச் சுண்ணாம்பு பூசினால் பட்டை வெடிக்காது.

பழைய உயரமான மரத்தை ஒரே வருடத்தில் குட்டையாக்க முயலவேண்டாம். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 3 ஆண்டுகளில் இறக்கினால் காய்ப்பு முழுமையாக நிற்காது. உயரம் குறைந்த மரத்தில் நோயைப் பார்ப்பதும், உறை போடுவதும், மருந்து அடிப்பதும், பறிப்பதும் நிலத்தில் நின்றே செய்யலாம். ஏறுவதற்கு ஆள் இல்லாத வீட்டுக்கு இதுவே பெரிய இலாபம்.

ஐப்பசிக்குப் பிறகு பெருமளவில் வெட்டாதீர்கள். அதன்பின் வரும் தளிர் முற்றாமல் அவ்வருடப் பூ குறையும். பிந்திய காலத்தில் யூரியாவை அதிகம் போடுவதும் இளந்தளிரை வரவழைத்து நோய்க்கு இரையாக்கும்.

புதிதாக நடுபவர்கள் மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீற்றர் இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டிருந்தால், இடையிலுள்ள ஒன்றை எடுப்பது மற்ற இரண்டையும் காக்கும்.

திரும்பக் கிடைத்த காணியில் வெட்டுமுன்

நீண்டகாலம் கைவிடப்பட்ட, அல்லது போர்முனையாக இருந்த காணியில் மரத்தடியைத் துப்புரவாக்கும்போது இரண்டு ஆபத்துகளை மறக்கக்கூடாது.

ஒன்று, குப்பைக்குத் தீ வைப்பது. மண்ணுக்கு அடியில் மிதிவெடியோ வெடிக்காத எறிகணையோ இருந்தால் சூட்டில் வெடிக்கலாம். வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியிலும்கூட, வெட்டிய கொப்புகளை ஏற்கெனவே பாவனையில் உள்ள வெறுந்தரைக்குக் கொண்டுவந்து எரிப்பதே பாதுகாப்பு. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

மற்றது, மரத்துக்குள் இருக்கும் இரும்பு. எறிகணைச் சிதறல் பாய்ந்த மரம் காயத்தை மூடி வளர்ந்திருக்கும். வெளியே ஒரு வீக்கமோ தழும்போ மட்டுமே தெரியும். இயந்திர வாள் அதில் பட்டால் சங்கிலி அறுந்து ஆளைக் காயப்படுத்தலாம். தழும்புள்ள அடிமரத்தையும் தடித்த கிளையையும் கைவாளால் மெதுவாக அறுங்கள்.

மருந்து அடிப்பதென்றால்

2021 மே மாதத்தில் அரசு இரசாயன உரம், விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியில் மருந்துகளின் விலை பலமடங்கானது. எனவே தேவையான வேளையில் மட்டும் அடிப்பது இன்று சுகாதாரத்துக்காக மட்டுமல்ல, காசுக்காகவும் அவசியம்.

பூக்கும் காலம் முழுவதும் வெயிலாகவும் பனி குறைவாகவும் இருந்தால், கத்தரித்த மரத்துக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். மார்கழி மழை தைக்கும் மாசிக்கும் நீளும் வருடத்திலும், பிஞ்சுப் பருவத்தில் பங்குனி, சித்திரை மழை விழும் வருடத்திலும்தான் ஆபத்து அதிகம்.

மருந்தை நோய் வருமுன் திசுவின்மேல் படியவைக்க வேண்டும். பழத்தில் புள்ளி தெரிந்தபின் அடிப்பது வீண். அடிக்கவேண்டிய கட்டங்கள் மூன்று: பூங்கொத்து நீண்டு பூ விரியுமுன், பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும், அதன்பின் மழை தொடர்ந்தால் ஏறத்தாழ 2 வாரத்துக்கு ஒருமுறை.

போர்டோக் கலவையை வீட்டிலேயே செய்யலாம். 10 லீற்றருக்கு 100 கிராம் செப்புச் சல்பேற்று, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. செப்புச் சல்பேற்றை 5 லீற்றர் நீரில் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பை இன்னொரு வாளியில் நீற்றி 5 லீற்றராக்கி வடியுங்கள். செப்புக் கரைசலைச் சுண்ணாம்பு நீருக்குள் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் துப்புரவான கத்தி அலகை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சிறிது சேருங்கள். செய்த அன்றே அடித்து முடியுங்கள். விரிந்த பூவுக்கு இது கூடாது, கருக்கிவிடும். பூவுக்கு முன்னும் பிஞ்சு பிடித்த பின்னும் மட்டுமே.

கடையில் கிடைப்பவற்றில் மன்கோசெப் நீண்டகாலம் பாவனையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசெம்பரில் அதன் அங்கீகாரத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. வெளிநாட்டுக்குப் பழம் அனுப்பும் நோக்கமுள்ளவர்கள் வாங்குபவரிடம் இதைக் கேட்டறிவது நல்லது. காபென்டசிம் போன்ற உள்ளூடுருவும் மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும். ஒரே மருந்தைப் பருவம் முழுவதும் பாவிக்காதீர்கள். எதை வாங்கினாலும் பொதியில் பதிவு இலக்கமும் தமிழில் அறிவுறுத்தலும் இருக்கின்றனவா என்று பார்த்து, அதில் சொன்ன அளவிலேயே கலக்குங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் நிறுத்தவேண்டும் என்பதும் அதில் இருக்கும். மருந்துக் கடைக்காரர் கையால் அளந்து தரும் பெயரில்லாத பொட்டலத்தை வாங்கவேண்டாம்.

பூக்காலத்தில் பூச்சி மருந்தைப் பங்கசு மருந்தோடு கலந்து அடிக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே. அவை செத்தால் நோயில்லாத பூவும் காய்க்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரை. மேலே ஊற்றியது விரைவில் கீழே இறங்கும். கிணற்றடியில் மருந்து கலக்குவதும், விசிறியைக் கழுவுவதும், வெற்றுப் போத்தலைக் கிணற்றருகே எறிவதும் நமது குடிநீரில் நாமே நஞ்சு கலப்பது. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தலைக்கு மேல் மருந்து அடிக்கவேண்டாம். உயரமான மாமரத்துக்கு அடிக்கும் மருந்தில் ஒரு பகுதி அடிப்பவர் முகத்திலேயே விழும். காற்றில்லாத மாலை நேரத்தில், பிள்ளைகளையும் கோழி, ஆடுகளையும் அகற்றிவிட்டு, கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

உறை போடுதல்

மரம் குட்டையாக இருந்தால் மருந்தைவிட இது மேல். காய் கோழி முட்டை அளவுக்கு வந்ததும், காய்ந்த நாளில், கபிலக் காகித உறையை மாட்டிக் காம்பில் கட்டிவிடலாம். உறையின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை வேண்டும். மழைத்தெறிப்பும் பழ ஈயும் ஒருசேரத் தடுக்கப்படும், தோலும் அழகாக இருக்கும். பொலித்தீன் உறை வேண்டாம், உள்ளே வியர்த்து நோயை வளர்க்கும். உறை போடுமுன் ஏறிய தொற்றை இது நீக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பறித்த பின்: சுடுநீர்

தோலுக்குள் அடங்கிக் கிடக்கும் பங்கசைப் பழத்தைக் கெடுக்காமல் அடக்க, மருந்தில்லாத ஒரு வழி உண்டு. 52 முதல் 55 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள நீரில் முற்றிய காயை 5 நிமிடம் அமிழ்த்தி எடுப்பது. மாம்பழம் ஏற்றுமதி செய்யும் பல நாடுகளில் இது வழக்கமான முறை.

வீட்டில் செய்ய ஒரு பெரிய கிடாரமும் வெப்பமானியும் போதும். விரலால் சூடு பார்த்துச் செய்ய முடியாது. 50 பாகைக்குக் கீழே போனால் பயன் குறைவு. 55 ஐத் தாண்டினால் தோல் வேகத் தொடங்கும். காய் போட்டதும் நீர் ஆறுமாதலால், ஒரு கிலோ காய்க்குக் குறைந்தது 3 லீற்றர் நீராவது இருக்கட்டும், இடையிடையே கலக்கிச் சூட்டைப் பாருங்கள். பறித்த அன்றோ மறுநாளோ செய்யவேண்டும். எடுத்ததும் நிழலில் பரப்பி, ஈரம் முழுவதும் உலர்ந்தபின் அடுக்குங்கள். முற்றாத காயும் அடிபட்ட காயும் இந்தச் சூட்டைத் தாங்காது. முதல் தடவை 5, 6 காயில் மட்டும் செய்து, பழுக்க வைத்துப் பார்த்தபின் மிச்சத்தைச் செய்யுங்கள்.

பறிக்கும்போது கொக்கத்தடியில் வலைப்பை கட்டுங்கள். விழுந்த காயை நல்ல காயோடு சேர்க்காதீர்கள். ஓரங்குலக் காம்போடு பறித்து, பின்னர் காம்பை வெட்டிக் கவிழ்த்துப் பாலை வடியவிடுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டி மூடிப் பழுக்க வைத்தால் உள்ளே ஏறும் சூடும் வியர்வையும் புள்ளியை விரைவில் கிளப்பும். காற்றோட்டமாக, ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பழுக்க வைப்பதே நல்லது.

மரத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர்களுக்கு

பூவிலோ பிஞ்சிலோ மரத்தை மொத்த விலைக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கையில் உடனே காசு கிடைக்கும். ஆனால் என்ன மருந்து, எத்தனை தரம், எப்போது அடிப்பது என்பது அதன்பின் குத்தகைக்காரர் கையில் போய்விடுகிறது. அந்த மரத்தின் கீழே விளையாடுவது உங்கள் பிள்ளை, அருகிலிருப்பது உங்கள் கிணறு. விலை பேசும்போதே மருந்தின் பெயரையும் அடிக்கும் நாளையும் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் காய்ந்த கொப்பை வெட்டித் தருவதையும் பேச்சில் சேர்க்கலாம். கத்தரித்து, நோய் குறைந்த மரம் என்று காட்டினால் அடுத்த வருடம் விலையும் கூடுதலாகக் கேட்கலாம்.

மாதவாரியாக

ஆடி, ஆவணி: கத்தரிப்பு, காய்ந்தவை அகற்றல், வெட்டு வாய்க்குப் பசை, பசளை.

புரட்டாதி, ஐப்பசி: தளிரைக் கவனித்தல். தளிரில் புள்ளி அதிகமென்றால் மாரிக்கு முன் ஒருமுறை போர்டோக் கலவை.

கார்த்திகை, மார்கழி: நீர் தேங்காமல் வடிகால். முறிந்த கிளை அகற்றல்.

தை, மாசி: பூங்கொத்தை வாரம் ஒருமுறை பார்த்தல். மழையோ கடும் பனியோ தொடர்ந்தால் பூ விரியுமுன் மருந்து.

பங்குனி, சித்திரை: பிஞ்சு பிடித்ததும் தேவையானால் மருந்து. வற்றிய பிஞ்சை அகற்றல். உறை போடுதல்.

வைகாசி, ஆனி: 10 காய்ச் சோதனை. கவனமான அறுவடை. சுடுநீர். விற்பனை.

மழையைப் பொறுத்து இது இடத்துக்கு இடம் சில வாரம் முன்பின் ஆகலாம். நாட்காட்டியைவிட மரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

யாரிடம் கேட்பது

உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரை அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தின் ஊடாகச் சந்திக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1920. நோயுற்ற இலை, பூங்கொத்து, பழம் ஆகியவற்றை உலர்ந்த காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். மரத்தின் வயது, கடைசியாகக் கத்தரித்தது, அடித்த மருந்து ஆகியவற்றையும் சொன்னால் ஆலோசனை சரியாகக் கிடைக்கும்.

இந்நோயை ஒரு வளவிலிருந்து முற்றாக ஒழிக்க முடியாது. பங்கசு காற்றோடும் மழையோடும் எங்கும் உண்டு. முடிந்தது அதைக் குறைவாக வைத்திருப்பது. அதற்கான வேலையில் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை: காய்ந்த கொப்பை வெட்டுவது, வெயிலுக்கு வழி விடுவது, பூக்காலத்தில் வாரம் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது. இந்த வருடம் பழம் கெட்டிருந்தால் அடுத்த வருடத்துக்கான வேலை, கடைசிப் பழம் இறங்கிய மறுவாரமே தொடங்குகிறது.